பார்படாஸ் கடற்கரைகள்: காற்றைப் பார்த்துக் கடலில் இறங்குங்கள்

சென்னையும் பார்படாஸும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இரண்டுமே நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையை ஒட்டி. அதனால் அந்தத் தீவில் இறங்கியதும் வெயிலும் தென்னையும் சவுக்கும் நமக்குப் பழகியவையாகத்தான் தெரியும். பழகாதது கடல். பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினம் வரை போனாலும் நம் கடல் கிழக்கைப் பார்த்தபடியேதான் கிடக்கிறது. அலையின் குணமும் பெரிதாக மாறுவதில்லை. பார்படாஸ் 34 கிலோமீட்டர் நீளம், 23 கிலோமீட்டர் அகலம், அவ்வளவுதான். அதற்குள் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும் கடலும் இருக்கிறது, ஆளைத் தூக்கிப் பாறையில் அடிக்கும் கடலும் இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் போதும்.

புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் கடற்கரையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். படத்தில் எல்லாக் கடலும் ஒரே நீலம். நான் அங்கே இருந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டவற்றில் முக்கியமானது ஒன்றே ஒன்று: காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் எந்தக் கடலில் இறங்கலாம், எதைக் கரையில் நின்று பார்க்க வேண்டும் என்பது தானாகப் புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் காற்றும் மணலும்

கிழக்குக் கரீபியன் தீவுகள் வில் வளைத்த மாதிரி ஒரு வரிசையில் இருக்கின்றன. பார்படாஸ் அந்த வரிசையில் இல்லை. சுமார் 160 கிலோமீட்டர் கிழக்கே தள்ளி, அட்லாண்டிக்கில் தனியாக நிற்கிறது. அதற்கும் கிழக்கே ஆப்பிரிக்காப் பக்கம் போய்ச் சேரும்வரை வெறும் கடல். காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோதான் வரும். நம் மீனவர்கள் கொண்டல் என்று சொல்லும் கீழ்க்காற்று. நம் ஊரில் அது பருவத்தோடு வந்து போகும், அங்கே வருடம் முழுக்க ஆட்சி அதனுடையதுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பாருங்கள். கிழக்குக் கரையில் அலை தடையே இல்லாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவந்து மோதுகிறது. மேற்குக் கரைக்குத் தீவே ஒரு சுவர் மாதிரி நின்று காற்றை மறைத்துவிடுகிறது. அங்கே கடல் தூங்குகிறது. தெற்கு இரண்டுக்கும் நடுவில்: அலை உண்டு, பல இடங்களில் அதை உடைக்கப் பவளப்பாரும் உண்டு. வடக்கு முழுக்கப் பாறைச் சரிவு.

மணலும் திசைக்குத் திசை மாறுகிறது. பார்படாஸ் எரிமலையால் உண்டான தீவு இல்லை. கடலடி வண்டல் மெல்ல மேலெழும்பி, அதன்மேல் பவளம் வளர்ந்து மூடியது. தீவின் பெரும்பகுதிக்கு அந்தப் பவளச் சுண்ணாம்புதான் கூரை. அதனால் மேற்கிலும் தெற்கிலும் மணல் வெளுத்து, மாவு போல இருக்கும். அதில் ஒரு பங்கு கிளிமீன்கள் பவளத்தைக் கடித்து அரைத்து வெளியே விட்டது. வடகிழக்கில் ஸ்காட்லாந்து மாவட்டம் என்று ஒரு பகுதி. அங்கே பவளக் கூரை அரித்துப் போய்க் களிமண்ணும் மணற்பாறையும் வெளியே தெரிகின்றன. அங்கே கடற்கரை மணல் பழுப்பு. செருப்பைக் கழற்றி நடந்தால் வித்தியாசத்தைப் பாதமே சொல்லும்.

எப்போது போவது

டிசம்பர் முதல் மே வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை மழைக்காலம், புயல்காலமும் அதுவே. 2024 ஜூன் 29 அன்று தலைநகர் பிரிட்ஜ்டவுனில் இந்தியா டி20 உலகக்கோப்பையை வென்றது நினைவிருக்கும். வென்ற அணி பெரில் புயலால் ஊர் திரும்ப முடியாமல் சில நாள் அங்கேயே தங்கியதும் நினைவிருக்கும். மழைக்காலத்தில் போகக்கூடாது என்றில்லை. பெரும்பாலான நாளில் ஒரு பாட்டம் மழை பெய்துவிட்டு வெயில் வந்துவிடும், கூட்டமும் குறைவு. திரும்பும் பயணத்தில் இரண்டொரு நாள் இடைவெளி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்மாதங்களில் ஒரு விஷயம். வட அட்லாண்டிக்கில் பெரிய புயல் வீசினால் அது எழுப்பும் பேரலை சில நாள் கழித்து மேற்குக் கரைக்கும் வந்துசேரும். அப்போது குளம் மாதிரி இருந்த கடலே கரையை மோதும். இரண்டு மூன்று நாள் பொறுத்தால் அடங்கிவிடும்.

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. லண்டன், டொராண்டோ, நியூயார்க், மயாமி என்று எங்காவது மாறித்தான் போக வேண்டும். மாறும் நாட்டின் டிரான்சிட் விசாவை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கையில் என்ன வேண்டும்

தண்ணீருக்குள் பார்க்க முகமூடியும் ஸ்நார்க்கல் குழாயும், அளவு சரியாக இருப்பதை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போவது நல்லது. வாடகைக்குக் கிடைப்பது முகத்தோடு ஒட்டாமல் தண்ணீர் கசிந்தால் அந்த நாளே கெட்டுவிடும். பாறைக் கரைகளுக்கு ரப்பர் அடி கொண்ட வாட்டர் ஷூ. அட்லாண்டிக் காற்று உடம்பில் படும்போது வெயில் தெரியாது. சாயங்காலம் தோல் எரியும்போதுதான் தெரியும். கறுத்த தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று விட்டுவிடாதீர்கள்.

நம் பெண்கள் பலர் சுடிதாரோடு கடலில் இறங்குவார்கள். பருத்தித் துணி நனைந்தால் கனத்து, காலைச் சுற்றி இழுக்கும். துப்பட்டா இன்னும் ஆபத்து. உடம்பை மறைக்க வேண்டும் என்றால் நைலானில் முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை லெக்கிங்ஸும் கிடைக்கின்றன. வெயிலுக்கும் அதுதான் நல்லது. அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ராணுவ உடை மாதிரிப் புள்ளி போட்ட துணி எதுவும் எடுத்துப் போகாதீர்கள். அந்த நாட்டில் சட்டப்படி குற்றம், குழந்தைகளின் சட்டைக்கும் தொப்பிக்கும்கூட. குடிநீரைச் சுமக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புப் பாறை வடிகட்டித் தரும் நிலத்தடி நீர்தான் குழாயில் வருகிறது, தாராளமாகக் குடிக்கலாம்.

பஸ் பழகுங்கள்

கார் வாடகைக்கு எடுக்கலாம், நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஆனாலும் முதல் சில நாள் பஸ்ஸில் போவது என் பரிந்துரை. நீலத்தில் மஞ்சள் பட்டை போட்டது அரசு பஸ். மஞ்சளில் நீலப் பட்டை போட்டது தனியார் மினிபஸ். வெள்ளையில் சிவப்புப் பட்டையோடு, உள்ளே பாட்டு அதிர, தோளோடு தோள் இடிக்க ஓடும் வேனுக்கு நம்பர் பிளேட்டை வைத்தே ‘செட்-ஆர்’ என்று பெயர். எதில் ஏறினாலும், எவ்வளவு தூரம் போனாலும் 3.50 பார்படாஸ் டாலர். இரண்டு பார்படாஸ் டாலர் ஓர் அமெரிக்க டாலருக்குச் சமம், இந்த மதிப்பு 1975இலிருந்து மாறவே இல்லை. அரசு பஸ்ஸில் மீதிச் சில்லறை தரமாட்டார்கள். சரியான காசு வைத்திருங்கள். ஒரு டாலர் நாணயத்தில் பறக்கும் மீன் இருக்கும். நம் பறவைக்கோலாதான் அது.

நிறுத்தப் பலகையில் ‘நகருக்கு’ அல்லது ‘நகரிலிருந்து வெளியே’ என்று எழுதியிருக்கும். நகர் என்றால் பிரிட்ஜ்டவுன். அதை வைத்து எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்யலாம். ஏறும்போது ‘குட் மார்னிங்’ சொல்லிவிட்டு ஏறுங்கள். அந்த ஊரில் வண்டியில் ஏறுகிற பலரும் அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். சொன்னால் மொத்த வண்டியும் பதில் சொல்லும், நீங்கள் இறங்க வேண்டிய இடத்தையும் யாராவது ஒருவர் ஞாபகமாகச் சொல்லிவிடுவார்.

முதல் நாள்: கார்லைல் விரிகுடா

எங்கே தங்கியிருந்தாலும் சரி, முதல் நாளை பிரிட்ஜ்டவுனுக்குத் தெற்கே இருக்கும் கார்லைல் விரிகுடாவுக்குக் கொடுங்கள். பிறை நிலா மாதிரி வளைந்த கரை. அதன் பகுதிகளுக்கு பிரௌன்ஸ், பேஷோர், பெபிள்ஸ் என்று தனித்தனிப் பெயர்கள். மணல் வெண்மை, கடல் தெளிவு, காற்று முதுகுப் பக்கமிருந்து வருவதால் அலையே இல்லை என்று சொல்லலாம்.

நீச்சல் தெரியாதவர்களுக்கு இது பெரிய வரம். நம் ஊரில் கடல் என்றால் கால் நனைப்பதோடு சரி. அதற்குமேல் போனால் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வரும். இங்கே இடுப்பளவுத் தண்ணீரில் நின்று குனிந்தால் உங்கள் கால்விரல் தெரியும். மிதக்கப் பழக வேண்டும் என்றால் காலை எட்டு மணிக்குப் போங்கள். கூட இருப்பவர் ஒரு கையை முதுகுக்கு அடியில் கொடுக்கட்டும், காது தண்ணீருக்குள் போகிற வரை தலையைப் பின்னால் சாயுங்கள், மூச்சை நெஞ்சில் நிறுத்துங்கள். உப்புத் தண்ணீர் தானே தூக்கும். பெரும்பாலானவர்கள் தலையைத் தூக்கிப் பார்க்க நினைப்பதால்தான் மூழ்குகிறார்கள். படகுக்காரர்களிடம் கேட்டால் மிதவைச் சட்டை கிடைக்கும். அதைப் போட்டுக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நீந்தத் தெரிந்தவர்களுக்கு அடியில் வேறொரு ஊர் இருக்கிறது. விரிகுடாவுக்குள் மூழ்கிய கப்பல்கள் ஆறு கிடக்கின்றன. 1919இல் மூழ்கிய பெர்வின் என்ற இழுவைக்கப்பல் மேலிருந்து பார்த்தாலே தெரியும் ஆழத்தில், உடம்பெல்லாம் பவளம் பூத்துக் கிடக்கிறது. படகோடு ஒரு வழிகாட்டியை வைத்துக்கொண்டு போங்கள். தனியாக நீந்திப் போகாதீர்கள், விசைப்படகுகள் குறுக்கே வரும்.

ஆமைகளும் இங்கேயே. நான் முதலில் பார்த்த ஆமை கடற்புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. மாடு மாதிரியேதான்: ஒரு வாய் பிடுங்கும், தலையை ஆட்டும், மெல்லும், இன்னொரு வாய். சட்டென்று மேய்ச்சலை விட்டு என்னை நோக்கி எழும்பியது. பயந்து நின்றுவிட்டேன். அது என்னைப் பார்க்க வரவில்லை, மூச்சு விட வந்தது. தலையை வெளியே நீட்டி ஒரு பெருமூச்சு, மறுபடி கீழே. அதைத் தொடவோ துரத்தவோ இரை போடவோ வேண்டாம். மூச்சுக்கு எழும்பும் ஆமையின் வழியை மறித்து மேலே நிற்பதும் கூடாது. 1998 முதல் அந்த நாட்டில் கடலாமை பிடிப்பது முழுக்கத் தடை. இன்று இவ்வளவு ஆமையைப் பார்க்க முடிகிறதென்றால் அதற்கு அந்தத் தடைதான் முக்கியக் காரணம்.

மேற்கே வடக்கு நோக்கி

இரண்டாம் நாள் ஸ்பெய்ட்ஸ்டவுன் பஸ்ஸில் ஏறி, கடலை ஒட்டியே வடக்கே போங்கள். பேட்ஸ் ராக், பெய்ன்ஸ் பே, ஹோல்டவுன், மல்லின்ஸ் என்று வரிசையாக வரும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு பேட்ஸ் ராக் நல்லது, மர நிழல் இருக்கிறது, குரங்குகளும் வரும். ஹோல்டவுனை ஒட்டி ஃபோக்ஸ்டோன் என்று கடல் காப்பகம் ஒன்று. கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பவளப்பாரைப் பார்க்கலாம்.

இந்தக் கரை முழுக்கப் பணக்கார விடுதிகளும் மாளிகைகளும்தான். ரோட்டிலிருந்து பார்த்தால் மதிலும் கேட்டும் மட்டும் தெரியும், கடலே தெரியாது. பலர் இது தனியார் கடற்கரை என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். அப்படி ஒன்று அந்தத் தீவில் கிடையாது. எல்லாக் கடற்கரையும் பொதுச்சொத்து. இரண்டு மதில்களுக்கு நடுவே ஆள் போகும் அகலத்தில் சந்து இருக்கும், அதில் இறங்கிப் போகலாம். கட்டடம் இல்லாமல் கடல் தெரியும் இடைவெளிகளைக் ‘கடலுக்கு ஜன்னல்’ என்கிறார்கள், என்ன அழகான பெயர்! சாய்வு நாற்காலி மட்டும் விடுதிக்காரர்களுடையது. உங்கள் துண்டை மணலில் விரித்துக்கொள்ள யார் அனுமதியும் வேண்டாம். அந்த ஊர் மக்கள் இந்த உரிமையை விட்டுக்கொடுக்காமல் காத்துவருகிறார்கள். நாமும் அதைப் பயன்படுத்த வேண்டும்.

நிழலுக்கு ஒதுங்கும் முன் மரத்தைப் பாருங்கள். இந்தக் கரையில் மான்சினீல் என்று ஒரு மரம். பச்சை இலை, குட்டி ஆப்பிள் மாதிரிக் காய், பார்க்க நல்ல நிழல்மரம். காய் விஷம், பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்கு அதனடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே போதும். பெரும்பாலான மரங்களின் அடியில் சிவப்பு வண்ணத்தில் பட்டை அடித்து வைத்திருப்பார்கள். சிவப்புப் பட்டை இல்லை என்பதற்காக எல்லாமே நல்ல மரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகளுக்கு ‘கீழே கிடக்கும் எந்தக் காயையும் தொடாதே’ என்று ஒரே விதியாகச் சொல்லிவிடுங்கள்.

மாலை ஐந்தரைக்குள் இந்தக் கரையிலேயே எங்காவது உட்கார்ந்துவிடுங்கள். கிழக்குக் கரையில் வளர்ந்த நமக்குக் கடலில் சூரியன் எழுந்துதான் பழக்கம். இங்கே அது கடலுக்குள் இறங்கும். மாசில்லாத நாளில் கடைசி விளிம்பு மறையும் நொடியில் பச்சை ஒளி தெரியும் என்பார்கள். நான் ஆறு மாலை பார்த்தேன், ஒரு நாளும் கிடைக்கவில்லை. ஏழாம் நாளும் போய் உட்கார்ந்தேன்.

தெற்கு: அலையோடு பழக

அமைதியான கடல் அலுத்த பிறகு தெற்கே வாருங்கள். ராக்லி என்றும் அக்ரா என்றும் சொல்லப்படும் கடற்கரையில் உயிர்காக்கும் காவலர்கள் இருக்கிறார்கள், அலை இடுப்பளவு வரும், குதித்து விளையாட ஏற்றது. அங்கிருந்து ஹேஸ்டிங்ஸ் பக்கமாகக் கடலோரத்திலேயே நடைபாதை போட்டிருக்கிறார்கள், ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். விடியற்காலை நடைக்கு உள்ளூர்க்காரர்கள் எல்லாம் அங்கேதான். ஓயிஸ்டின்ஸ் பக்கத்து மயாமி கடற்கரை குடும்பங்களுக்கு நல்லது. அதற்கும் தெற்கே சில்வர் சாண்ட்ஸ்: காற்று பலம், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் பறப்பவர்களுக்கானது, நாம் வேடிக்கை பார்க்கலாம்.

வெள்ளி இரவை ஓயிஸ்டின்ஸுக்கு ஒதுக்குங்கள். மீன் இறங்கும் துறையை ஒட்டித் திறந்தவெளியில் வரிசையாகக் கடைகள், கரியடுப்பில் மீன் வேகும். பலகையில் ‘டால்பின்’ என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். அது மஹி-மஹி என்ற மீனுக்கு அங்கே வழங்கும் பெயர். பறக்கும் மீனோடு ‘கூகூ’ தருவார்கள். சோளமாவில் வெண்டைக்காய் போட்டுக் கிண்டுவது. ஒரு வாய் எடுத்ததும் எனக்கு வீட்டுக் களி நினைவுக்கு வந்தது. அதே கிண்டல், அதே பதம், வெண்டைக்காயின் வழுவழுப்பு மட்டும் கூடுதல். மேசைமேல் இருக்கும் மஞ்சள் மிளகாய்ச் சாந்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். நம் காரத்தை அது மிஞ்சும்.

இழுப்பைக் கண்டுபிடிப்பது

தென்கிழக்குக்கும் கிழக்குக்கும் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். கரைக்கு வந்து குவியும் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். மணல் திட்டிலோ பாரிலோ இடைவெளி இருந்தால் அங்கே ஆறு மாதிரி கடலை நோக்கி ஓடும். அந்த இழுப்பில் மாட்டினால் நல்ல நீச்சல்காரரும் எதிர்த்து நீந்தி ஜெயிக்க முடியாது.

கரையில் கொஞ்சம் உயரமான இடத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். எல்லா இடத்திலும் அலை வெள்ளையாக உடையும்போது ஓரிடம் மட்டும் உடையாமல் கறுத்து, அமைதியாகத் தெரிந்தால் அதுதான் வாய். நுரையும் பாசியும் அந்த வழியாக வெளியே போகும். பழக்கமில்லாதவர் கண்ணுக்கு அதுதான் பாதுகாப்பான இடமாகத் தெரியும், பலரும் அங்கேதான் இறங்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் எதிர்க்காதீர்கள். மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டுங்கள்; நீந்தத் தெம்பிருந்தால் கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து விலகி, அப்புறம் அலை உடையும் பக்கமாகத் திரும்புங்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே வேண்டாம். அவசரத்துக்குக் காவல்துறை 211, தீயணைப்பு 311, ஆம்புலன்ஸ் 511. போனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

தென்கிழக்கு: செங்குத்துப் பாறைக்குக் கீழே

சாம் லார்ட்ஸ் காசில் போகும் பஸ்ஸில் ஏறினால் கிரேன் கடற்கரை. ஒரு காலத்தில் இங்கே பாறை மேலிருந்து சரக்கை ஏற்றி இறக்கப் பளுதூக்கி இருந்தது, அதனால் இந்தப் பெயர். மேலே 1887இல் தொடங்கிய விடுதி இன்றும் நடக்கிறது. படியில் இறங்கிப் போனால் மணலில் லேசான இளஞ்சிவப்பு. காலை வெயிலில்தான் நன்றாகத் தெரியும். அலை பெரிது. ஓரமாக முழங்கால் வரை நின்று, உடைந்த அலை வந்து தள்ளுவதை அனுபவிக்கலாம்.

இன்னும் வடக்கே பாட்டம் பே. மூன்று பக்கமும் பாறைச்சுவர், நடுவே ஒரு தென்னந்தோப்பு, எதிரே அட்லாண்டிக். காவலர் கிடையாது, இழுப்பு கடுமை. என் கணிப்பில் தீவிலேயே அழகான கடற்கரை இதுதான், அங்கே நான் நீந்தவில்லை. மேலே நின்று பார்த்தேன், கீழே இறங்கித் தென்னை நிழலில் மதியச் சாப்பாடு சாப்பிட்டேன், அது போதுமானதாக இருந்தது.

இந்தப் பக்கத்திலும் கிழக்கிலும் சில மாதங்களில் சர்காசம் என்ற பழுப்புப் பாசி டன் கணக்கில் ஒதுங்கும். 2011 முதல் இது பெரிய தொந்தரவு. அழுகும்போது கெட்டுப்போன முட்டை நாற்றம் வரும், ஆஸ்துமா இருப்பவர்கள் விலகியிருப்பது நல்லது. காற்று கொண்டுவருகிற பாசிதான் இது என்பதால் மேற்குக் கரைக்கு அவ்வளவாக வராது. காலையில் கிளம்பும் முன் விடுதியில் கேட்டுவிட்டுத் திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

கிழக்கு: பாத்ஷீபா

ஒரு முழு நாள் கொடுங்கள். பிரிட்ஜ்டவுன் ஃபேர்சைல்ட் தெரு நிலையத்திலிருந்து பாத்ஷீபா பஸ் கிளம்புகிறது. அடிக்கடி கிடையாது, திரும்பும் பஸ் நேரத்தை ஓட்டுநரிடம் ஏறும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கரும்புக்காடு, மேடு, வளைவு என்று போய் ஒரு திருப்பத்தில் தீவு சட்டென்று கீழே சரியும். முழு அட்லாண்டிக்கும் எதிரே.

கடலுக்குள் வீடளவு பாறைகள் நிற்கின்றன. கரைப் பவளப்பாறையிலிருந்து உடைந்து உருண்டவை. அடிப்பகுதியை அலை அரித்து அரித்துக் காளான் மாதிரி ஆக்கியிருக்கிறது. மேலே செடி வளர்ந்திருக்கிறது. அங்கே நின்றால் கண்ணுக்கு முன் காதுக்குத்தான் வேலை. பேசினால் கேட்காது. உதட்டை நக்கினால் உப்பு.

சூப் பௌல் என்ற இடத்தில் அலைச்சறுக்கு வீரர்கள் இருப்பார்கள். பலமுறை உலகப் பட்டம் வென்ற கெல்லி ஸ்லேட்டரே தனக்குப் பிடித்த அலைகளில் ஒன்று என்று சொன்ன இடம். நாம் அதில் இறங்கக் கூடாது. அடியில் பவளப்பார், அதன் இடுக்கெல்லாம் கடல் முள்ளெலி, உடம்பெல்லாம் முள் கொண்ட உருண்டை உயிரி. நமக்கானது வேறு: ஓதம் வற்றும் நேரத்தில் பாறைகளுக்கு நடுவே குளங்கள் உண்டாகும். மார்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தால், வெளியே அலை உடைந்து அதன் நுரை மட்டும் மேலே வந்து விழும். ஓதம் வற்றும் நேரத்தை முந்தைய நாளே பார்த்து வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பு போய்ச் சேருங்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் வெளியே வந்துவிடுங்கள்.

அங்கேதான் முள் குத்தியது எனக்கு. செருப்பைக் கரையில் விட்டுவிட்டு ஒரே ஒரு அடி பாறையில் வைத்தேன். கறுப்பு முள்ளெலிக்கு அங்கே ‘காப்ளர்’ என்று பெயர். முள் மெலிது, தோலுக்குள் போனதும் உடைந்து நின்றுவிடும். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் நான் ஊசியால் தோண்டப் போனதைப் பார்த்துக் கையைப் பிடித்துத் தடுத்தார். தோண்டினால் இன்னும் துண்டாகும். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்து, வினிகர் நனைத்த துணியைக் கட்டிவைக்கச் சொன்னார். இரண்டு நாளில் சரியாயிற்று. மூட்டுப் பக்கம் குத்தினாலோ வீங்கிச் சிவந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். வாட்டர் ஷூவைக் கழற்றாதீர்கள், அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

வடக்கே நடந்தால் கேட்டில்வாஷ். ஒரு காலத்தில் மாடுகளைக் கடலில் குளிப்பாட்டிய கரை. கிலோமீட்டர் கணக்கில் பழுப்பு மணல், பெரும்பாலும் ஆளே இருக்காது. இந்தக் கரையோரமாக 1937 வரை ரயில் ஓடியது. அதன் தடத்தில் இப்போதும் நடக்கலாம். கிழக்கில் நீந்தியே ஆக வேண்டும் என்றால் தெற்கே பாத் என்ற கடற்கரை இருக்கிறது. வெளியே பவளப்பார் அலையை உடைத்துவிடுவதால் உள்ளே கடல் அடங்கியிருக்கும். சவுக்குத் தோப்பு நிழல், உட்காரப் பலகை, ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க் குடும்பங்கள் சட்டியோடு வந்து இறங்கும்.

வடக்கு முனைக்கு அரை நாள் போதும். ஆர்ச்சர்ஸ் பே, கோவ் பே இரண்டும் மேலிருந்து பார்க்க. அனிமல் ஃப்ளவர் குகைக்குள் வழிகாட்டியோடு இறங்கலாம், கடல் வாயில் வழியே அட்லாண்டிக்கை உள்ளிருந்து பார்ப்பது தனி அனுபவம். அலை பெரிதாக இருக்கும் நாளில் மூடிவிடுவார்கள்.

இரவுக் கடற்கரை

ஜூன் முதல் அக்டோபர் வரை அழுங்காமைகள் முட்டையிட மேற்கிலும் தெற்கிலும் கரையேறும். இரவு நடக்கும்போது டார்ச் அடிக்காதீர்கள், போன் வெளிச்சமும் வேண்டாம். ஆமை ஏறுவதைக் கண்டால் அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி ரோட்டுப் பக்கம் போய்விடும். அப்படிக் கண்டால் விடுதியில் உடனே சொல்லுங்கள். வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தின் கேவ் ஹில் வளாகத்தில் இயங்கும் கடலாமைத் திட்டத்தினர் வந்து பார்த்துக்கொள்வார்கள்.

கிளம்பும் நாள் காலை

ஊர் திரும்பும் நாளன்று விடிவதற்குள் எழுந்து மறுபடி கார்லைல் விரிகுடாவின் பெபிள்ஸ் கரைக்குப் போங்கள். பக்கத்தில் காரிசன் குதிரைப் பந்தயத் திடல் இருக்கிறது. ஆறு மணி வாக்கில் லாயக்காரர்கள் பந்தயக் குதிரைகளைக் கடலுக்கு நடத்திவருவார்கள். பயிற்சியில் களைத்த காலுக்கு உப்புத் தண்ணீர் நல்லது என்று குளிப்பாட்டல். குதிரைக்குப் பின்பக்கம் நிற்காதீர்கள், ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், பத்தடி தள்ளித் தண்ணீருக்குள் இறங்கிக்கொள்ளுங்கள். குதிரை ஆழத்துக்குப் போனதும் தலை மட்டும் தெரியும். மூக்கு விடைத்து மூச்சு விடும் சத்தம் அமைதியான கடலில் வெகுதூரம் கேட்கும். கரையேறும்போது உடம்பைச் சிலிர்க்கும், அந்த உப்புத் தூறல் உங்கள் மேலும் படும். ஏழரைக்குள் குதிரைகள் போய்விடும், அங்கிருந்து விமான நிலையம் அரை மணி நேரம்தான்.